சீட்டு கிடைத்த அன்றே டாக்டர்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஓ.பி. முடியப்போகிற நேரம். ஒரு அம்மா தன் மகனைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து என் மேசைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்தார். பையனுக்குப் பத்தொன்பது வயது. ஓ.பி. சீட்டில் ‘வயிற்று வலி, ஒரு மாதமாக’ என்று எழுதியிருந்தது.

“சோறு துன்ன மாட்டேன்றான் மேடம். ராவுல தூங்கறதில்ல. லீவுக்கு வூட்டுக்கு வந்தவன், திரும்பப் போவச் சொன்னா வயித்தப் புடிச்சினு குந்திக்கறான்.” அதுவரை சத்தமாகப் பேசியவர் அடுத்ததைக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “டாக்டருக்குப் படிக்கிறான் மேடம். மொத வருசம்.”

பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். படுக்கச் சொல்லி வயிற்றை அழுத்திப் பார்த்தேன். எங்கும் வலி என்று சொல்லவில்லை. நாடித் துடிப்பு 108. பத்து விரல்களிலும் நகம் சதை வரைக்கும் கடிக்கப்பட்டிருந்தது. அம்மாவை வெளியே பெஞ்சில் இருக்கச் சொல்லிவிட்டு, “இன்டர்னல்ஸ் மார்க் வந்துடுச்சா தம்பி?” என்று கேட்டேன். பதில் வரவில்லை. சட்டைக் கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

அவன் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று அவனிடமே கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்த ஸ்டூலில் 2012-ல் உட்கார்ந்திருக்க வேண்டியவள் நான். என்னை யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. நானாகவும் போகவில்லை.

எனக்கு ஊர் வேலூர் பக்கம் குடியாத்தம். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா குழித்தறியில் லுங்கி நெய்பவர். அம்மா தறிக்கு வேண்டிய நூலைத் தாராகச் சுற்றுவார். நான் படித்தது அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். அப்போது நீட் இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் கட்-ஆஃப். 2011 கவுன்சலிங்கில் தெற்கே ஓர் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. சென்னையிலிருந்து நாங்கள் ஊர் வந்து சேர்வதற்குள் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. ஹால் டிக்கெட் போட்டோவைப் பெரிதாக்கி, என் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பைக் கம்ப்யூட்டரிலேயே மாட்டியிருந்தார்கள். பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று சிவப்பு எழுத்து.

அன்றைக்கு அதைப் பார்த்து நான் அழுதது சந்தோஷத்தில்தான். தெருப் பிள்ளைகள் ஆளுக்கு ஐம்பது, நூறு போட்டு வைத்தது. அந்த அன்பில் எந்தக் குறையும் கிடையாது. ஆனால் அன்றிலிருந்து தெருவில் யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. ‘டாக்டரம்மா’தான். பக்கத்து வீட்டு ஆயா மறுநாள் காலையிலேயே கையை நீட்டி, “நாடி எப்டி கீது பாரு கண்ணு” என்றார். நான் பார்ப்பதுபோல் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னும் கல்லூரி வாசலைக்கூட மிதிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் டாக்டர் என்ற சொல்லுக்குத் தனி எடை உண்டு. அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-ல் வேலூரில் சிறியதாக ஒரு மருத்துவமனை தொடங்கினார், 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார். ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்துப்போனதைப் பார்த்த பிறகுதான் அவர் மருத்துவம் படிக்கப் போனார் என்ற கதை எங்கள் பள்ளியில் எல்லாருக்கும் தெரியும். சி.எம்.சி. என்று வளர்ந்துவிட்ட அந்த மருத்துவமனைக்காக இன்றைக்கும் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறி வந்து நோயாளிகள் வேலூருக்குப் பக்கத்துக் காட்பாடியில் இறங்குகிறார்கள். 2005-ல் வேலூருக்குப் பக்கத்தில் அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. குடியாத்தத்தில் ஒருவர் ‘வேலூருக்குப் போறோம்’ என்று சொன்னால், ‘யாருக்கு உடம்பு சரியில்ல?’ என்றுதான் எதிராளி கேட்பார். இப்படிப்பட்ட ஊரில் ஒரு தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு மெடிக்கல் சீட்டு கிடைப்பதை அந்த வீட்டு விஷயம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். தெருவே பாஸ் பண்ணின மாதிரி.

அதனாலேயே அந்தப் பெண் ஃபெயிலாக முடியாது.

முதல் வருடம் மூன்று பாடம். அனாட்டமி (உடலின் அமைப்பு), பிசியாலஜி (உடல் இயங்கும் விதம்), பயோகெமிஸ்ட்ரி (உடலின் வேதியியல்). கணையத்தைப் படம் வரைந்து பாகம் குறித்துப் பொதுத்தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவள் நான். வகுப்பில் ஒரு மணி நேரம் ‘பேங்க்ரியாஸ்’ பற்றிப் பேசினார்கள். அது கணையம்தான் என்று எனக்குப் பிடிபடும்போது மணி அடித்துவிட்டது. தெரிந்த விஷயமே தெரியாததாக மாறிவிடும் அந்தத் திகைப்பை எப்படிச் சொல்வது? மற்றவர்கள் ஒரு பக்கம் படிக்கிற நேரத்தில் நான் அகராதியோடு கால் பக்கம் படிப்பேன். பிணம் கெடாமலிருக்கப் போடுகிற ஃபார்மலின் நெடி கையை விட்டுப் போகாமல் மெஸ்ஸில் சோற்றைப் பிசைந்தால் வயிறு புரட்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு பார்ட் கம்ப்ளீஷன், அதாவது பாடத்தில் ஒரு பகுதி முடிந்ததும் வைக்கிற வாய்மொழித் தேர்வு. வட்டமாக நிற்க வைத்து வரிசையாகக் கேள்வி வரும். என் முறை வருவதற்கு நாலு பேர் இருக்கும்போதே காதில் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு கேள்வியே காதில் விழாது.

ஒருநாள் ஃபிபுலாவைக் கையில் கொடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கிற ஒல்லியான எலும்பு. வலதா இடதா என்று சொல்ல வேண்டும். பழகியவர்களையே தடுமாற வைக்கிற எலும்பு அது. முந்தின ராத்திரி அறைத் தோழியின் எலும்பு செட்டில் இருபது முறை திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தேன். எந்த முனை மேலே, எந்தக் குழி பின்னால் என்பது விரலுக்குத் தெரிந்தது. வாயில் வரவில்லை. தமிழில் சொல்ல முயன்றேன். ஆசிரியர் எலும்பைப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டு, மற்றவர்களைப் பார்த்து, “இதெல்லாம் எப்படி உள்ள வந்துச்சு?” என்றார். ‘இவள்’ என்றுகூடச் சொல்லவில்லை. ‘இது’ என்றார்.

பதினான்கு வருடம் கழித்தும் அந்தச் சொல்லை நான் மன்னிக்கவில்லை. கண்டிப்பாக இருப்பது வேறு, பிள்ளையைக் கூசவைப்பது வேறு. ‘நாங்களும் இப்படித்தான் படிச்சோம், எங்களையும் இப்படித்தான் திட்டினாங்க’ என்று இன்றைக்கும் மூத்த மருத்துவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். திட்டு வாங்கியதால் யாரும் நல்ல மருத்துவர் ஆகவில்லை. அதையும் தாண்டித்தான் ஆனார்கள்.

அந்த வருடம் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தேன். யுனிவர்சிட்டி பரீட்சைக்கு மூன்று மாதம். வீடு கொள்ளாத உறவுக்காரர்கள். சித்தி தன் சர்க்கரை ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டினார். பெரியப்பா, “கண்ணு டாக்டர் ஆனா மொத ஊசி எனக்குத்தான் போடணும்” என்றார். எனக்கு அப்போது மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. சீப்பை எடுத்தால் கொத்தாக முடி. விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடத்து முழிப்பு தட்டும், அதோடு தூக்கம் போச்சு. மன அழுத்தத்தில் சுரக்கிற கார்ட்டிசால் அளவுக்கு மேல் நாள்கணக்கில் சுரந்தால் என்ன ஆகும் என்று பிசியாலஜியில் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தவள்தான். தூக்கம் கெட்டால் படித்தது நினைவில் தங்காது என்பதும் பாடத்திலேயே இருக்கிறது. அது எனக்கு நடந்துகொண்டிருக்கிறது என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. நோய் என்பது நோயாளிக்கு வருவது, நான் டாக்டர் என்றே புத்தி பழகிவிட்டது. அந்த ஃப்ளெக்ஸ் கிழிந்து பல மாதம் ஆகியும், அதிலிருந்தவளாகத்தான் நான் நடமாடிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் பரீட்சை. அனாட்டமியில் போய்விட்டது.

அப்போதைய விதிப்படி முதல் வருடத்தில் ஒரு பாடம் போனாலும் இரண்டாம் வருடத்துக்குள் நுழைய முடியாது. பிப்ரவரியில் திரும்ப எழுதி, ஆறு மாதம் பின்தங்கி, அடிஷனல் பேட்சில் சேர வேண்டும். என்னோடு படித்தவர்கள் வெள்ளைக் கோட்டு போட்டு வார்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். விடுதியில் என் அறைத் தோழி நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து, ஸ்டெத்தைச் சத்தமில்லாமல் பைக்குள் வைப்பாள். அவள் நல்லவள். அவள் அப்படிப் பார்த்துப் பார்த்து நடந்துகொண்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. போனில் நைனா “கிளாஸ் போய்னு கீறியா?” என்று கேட்டால் “போறேன் நைனா” என்பேன். ஏறக்குறைய நாற்பது நாள் இந்தப் பொய். அந்த நாற்பது நாளில், ‘நான் இல்லாமல் போய்விட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லையே’ என்ற நினைப்பு எனக்கு வந்திருக்கிறது. பலமுறை. இதை முதல் தடவையாக எழுதுகிறேன். அம்மா படித்தால் வருத்தப்படுவார் என்று தெரியும். ஆனாலும் எழுதத்தான் வேண்டும். எனக்கு மட்டும் வந்த நினைப்பு என்றுதான் அப்போது நம்பினேன்.

எனக்கு மட்டும் இல்லை. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-ல் அறிக்கை கொடுத்தது. 25,590 எம்.பி.பி.எஸ். மாணவர்கள் பதில் சொன்ன கணக்கெடுப்பு அது. தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னவர்கள் 27.8 சதவீதம். முந்தைய ஒரு வருடத்துக்குள் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் 16.2 சதவீதம். நூறு பேர் வகுப்பு என்றால் பதினாறு பேர். ஒரு டிசெக்‌ஷன் மேசையைச் சுற்றி நிற்கிறவர்களில் இரண்டு மூன்று பேர். அவர்களில் ஒருவருக்கு இன்னொருவரைத் தெரியாது. இது நம் நாட்டுச் சங்கதி மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். உலகம் முழுக்க நடந்த பல ஆய்வுகளைத் திரட்டி 2016-ல் வெளியான ஒரு தொகுப்பில், மருத்துவ மாணவர்களில் 27.2 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன.

ஆயுத பூஜைக்கு ஊருக்கு வந்தேன். வராமல் இருக்கக் காரணம் கிடைக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் தறிக்குத்தான். நைனா முந்தின நாளே நெய்வதை நிறுத்தி, தறிக்குழியில் சேர்ந்த பஞ்சுத் தூசியை எல்லாம் கூட்டி, தறியில் நூலோடு குறுக்கே ஓடும் நாடாவை எண்ணெய் போட்டுத் துடைத்து மனையில் வைப்பார். கத்தரி, அம்மாவின் ராட்டை, தம்பியின் சைக்கிள், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது நாடாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டெதஸ்கோப் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. புதுசு. கருநீல ட்யூப். காதில் மாட்டுகிற முனைகளில் இன்னும் பிளாஸ்டிக் உறை. நெஞ்சில் வைக்கிற வட்டத்தின் நடுவில், நைனாவின் கட்டைவிரல் அளவுக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

ரெண்டாவது வருசத்துலதான் ஸ்டெத் தருவாங்க என்று எப்போதோ நான் சொன்னதை ஞாபகம் வைத்திருந்திருக்கிறார். வேலூருக்குப் பஸ் ஏறிப்போய், ஆற்காடு ரோட்டில் சர்ஜிக்கல் கடை ஒன்றில் ‘டாக்டர்ங்க வாங்கறதையே குடுங்க’ என்று கேட்டு வாங்கியிருக்கிறார். இரண்டு வாரக் கூலி இருக்கும். தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார். எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். நான் அந்தக் குங்குமத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி நைனா திண்ணையில் படுத்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

“நைனா, நான் ஃபெயிலாயிட்டேன்.”

அவர் எழுந்து உட்கார்ந்தார்.

“எல்லாத்துலயுமா?”

“இல்ல. அனாட்டமி ஒண்ணுல.”

“திரும்ப எழுத வுடுவாங்களா?”

“பிப்ரவரில.”

கொஞ்ச நேரம் காலைச் சொறிந்துகொண்டு இருந்தார். “சரி. பூஜ போட்டாச்சு. அது இன்னா கெட்டுப் பூடற பொருளா? பிப்ரவரில எடுத்துக்கோ” என்றார். பிறகு, “துன்னியா இல்லியா?” என்று கேட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. அம்மாதான் இரண்டு நாள் அழுதார். ‘ஊர்ல கேட்டா இன்னா சொல்றது’ என்பதுதான் அவர் கவலை. அதுவும் நியாயமான கவலையாகவே எனக்குப் பட்டது. அதே பயத்தைத்தானே நாற்பது நாளாக நானும் சுமந்துகொண்டிருந்தேன். ஸ்டெத் சாமி அலமாரியிலேயே இருந்தது. அன்று ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கினேன். பிப்ரவரியில் தேறினேன். இடையில் ஏதோ பெரிய மாற்றம் வந்துவிடவில்லை. காதில் அந்தச் சத்தம் மட்டும் கேட்கவில்லை, அதனால் கேள்வி காதில் விழுந்தது.

எல்லா வீட்டிலும் எங்கள் நைனா இருக்க மாட்டார் என்று தெரியும். நிலத்தை விற்று, வட்டிக்கு வாங்கி, மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்த்த வீடுகளில் ‘ஃபெயில்’ என்ற சொல்லுக்குப் பின்னால் லட்சக்கணக்கில் கடன் நிற்கிறது. 2020-ல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். கட்டணத்தை அரசே ஏற்கிறது. எங்கள் காலத்தில் கனவுகூடக் காண முடியாத நல்ல காரியம் அது. ஆனால் ‘நீ கோட்டாவுல வந்தவன்தானே’ என்ற பார்வையும் அவர்கள் கூடவே வகுப்புக்குள் வருகிறது. ஒரு பிள்ளை தடுமாறினால் மற்ற எல்லாப் பிள்ளைகளின் தகுதியையும் சந்தேகப்படுகிறார்கள். தன் பரீட்சையை மட்டும் எழுதவேண்டியவன் தன் கூட்டத்துக்கே சேர்த்து எழுதுகிறான்.

உதவி இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2019-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில் ஆரம்பத்திலேயே அடிப்படைப் பயிற்சி உண்டு, மொழிப் பயிற்சியும் அதில் அடக்கம். அது எனக்குக் கிடைத்திருந்தால் கணையம் பேங்க்ரியாஸ் ஆன அன்று நான் அவ்வளவு தனியாக இருந்திருக்க மாட்டேன். விதியும் மாறிவிட்டது. மறுதேர்வு சீக்கிரமே வந்துவிடுகிறது, தேறினால் தன் பேட்சோடே தொடரலாம். மென்டர் என்று ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆசிரியர் பெயரும் குறிக்கப்படுகிறது. பல இடங்களில் அது கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடுகிறது என்பதுதான் வருத்தம்.

வெளியில் இருப்பவர்கள் யோசிக்காத ஒரு சிக்கலும் உண்டு. ‘காலேஜ்லயே சைக்கியாட்ரி டிபார்ட்மென்ட் இருக்கே, போய்க் காட்ட வேண்டியதுதானே’ என்பார்கள். யாரிடம் போவது? அங்கே உட்கார்ந்திருப்பவர் நாளைக்கு வைவா என்ற வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்கப்போகிறவர். ஓ.பி. வரிசையில் நின்றால் சீனியர் பார்ப்பார், சீட்டு எழுதுகிறவருக்குத் தெரியும், சாயங்காலத்துக்குள் விடுதிக்குத் தெரிந்துவிடும். மருத்துவமனைக்குள்ளேயே வாழ்கிற பிள்ளைக்கு ஒரு மருத்துவரைத் தனியாகப் பார்க்க இடமில்லை. அதனால் என்னிடம் வருகிறவர்களிடம் 14416 என்ற எண்ணைத்தான் முதலில் எழுதிக் கொடுப்பேன். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். உன் கல்லூரியில் யாருக்கும் தெரியவராது. மூன்று மணிக்கு முழிப்பு வந்து நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்காதே. அதைக் கூப்பிடு.

அந்தப் பணிக்குழு இன்னொன்றும் சொல்லியிருக்கிறது. பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று. படிப்பின் கடைசியில் ஹவுஸ் சர்ஜன் என்ற பயிற்சி மருத்துவராக இருந்தபோது முப்பத்தாறு மணி நேரம் தொடர்ந்து நின்று, கையில் பிடித்திருந்த வென்ஃப்ளானோடு (மருந்து ஏற்ற நரம்பில் குத்துகிற ஊசிக்குழாய்) சுவரில் சாய்ந்து தூங்கியிருக்கிறேன். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அந்தப் பையனுக்கு வருகிறேன். முகத்திலிருந்து கையை எடுக்க அவனுக்கு ஐந்து நிமிடம் ஆனது. வெளியே நர்ஸ் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். நான் எதுவும் கேட்கவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஃபிபுலாவை வரைந்துகொண்டிருந்தேன். எனக்கு இன்றைக்கும் கை சும்மா இருந்தால் வரைகிற படம் அது. அவன் பார்த்தான்.

“ரைட்டா லெஃப்ட்டா மேடம்?”

“நீ சொல்லு.”

சொன்னான். சரியாகத்தான் சொன்னான்.

“இதுலதான் நான் ஃபெயில்” என்றேன். அவன் நிமிர்ந்தான். உள்ளே வந்ததிலிருந்து அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான்.

“எனக்கு பயோகெமிஸ்ட்ரி மேடம். ரெண்டு இன்டர்னலும் போச்சு. யுனிவர்சிட்டி எக்ஸாம் எழுத வுட மாட்டாங்கன்னு சொல்றாங்க. வூட்ல தெரியாது.”

எதைப் பிடித்தால் தேறலாம் என்று கொஞ்சம் பேசினோம். தூக்கம் பற்றிப் பேசினோம். செத்துவிடலாம் என்று எப்போதாவது தோன்றியதா என்று நேராகவே கேட்டேன். அதைக் கேட்டால்தான் அந்த எண்ணம் வரும் என்று பயப்படத் தேவையில்லை. கேட்காமல் விடுவதுதான் தப்பு. தோன்றியது என்றான். இப்போது எப்படி இருக்கிறது, கையில் ஏதாவது வைத்திருக்கிறாயா, இன்றைக்கு ராத்திரி யார் கூட இருப்பாய் என்றெல்லாம் கேட்டேன். வேறு ஊரில் எனக்குத் தெரிந்த மனநல மருத்துவர் ஒருவருக்கு அவன் முன்னாலேயே போன் போட்டு வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கினேன்.

“அம்மாவுக்கு நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா?”

ரொம்ப நேரம் யோசித்தான். “நானே சொல்றேன் மேடம். நீங்க ஜன்னல் கிட்ட இருங்க.”

வெளியே வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் அவன் போய் உட்கார்ந்தான். அம்மா அவன் பக்கம் திரும்பினார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. முதலில் அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு கையை எடுத்தார். மஞ்சப்பையிலிருந்து ஒரு தூக்குச்சட்டியை எடுத்து மூடியைத் திறந்து அவன் மடியில் வைத்தார். நான் அடுத்த சீட்டைக் கூப்பிடச் சொன்னேன். கடைசி நோயாளியையும் பார்த்து முடித்து எழுந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது. கீழே நாலு பருக்கை சிந்தியிருந்தது.